கறையா, கரையா? லோண்டரிப் பலகைக்குப் பதில்

வணக்கம். திருகோணமலையில் திறக்கப்போகும் லோண்டரிக்குப் பலகை எழுத, ‘கரை நீக்கித் தரப்படும்’ சரியா, இரும்பில் பிடிக்கும் ‘கறளும்’ கறைதானா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து வல்லின ‘றை’ போடுங்கள். கரை என்றால் கடற்கரை. வேட்டி, சேலையின் ஓரமும் கரைதான். ‘கரை நீக்கித் தரப்படும்’ என்றால் பட்டுச் சேலையின் கரையை வெட்டித் தருவீர்கள் என்றுதான் பொருள் வரும்.

அழுக்கும் கறையும் ஒன்றல்ல. அழுக்கு மேலே படிவது, சவர்க்காரம் போட்டால் போய்விடும். கறை நூலுக்குள் இறங்கித் தங்கும். வாழைப்பூ அரிந்த கையைச் சட்டையில் துடைத்துப் பாருங்கள்: முதலில் ஈரம் மட்டும்தான் தெரியும், காய்ந்த பிறகு கறுத்துப்போய் இருக்கும். அதுதான் வாழைக்கறை. வெற்றிலைக்கறை, தேத்தண்ணிக்கறை, இரத்தக்கறை எல்லாம் இந்த இனம். (இரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஊற்றவே வேண்டாம், இன்னும் இறுகிவிடும். பச்சைத்தண்ணீர்தான்.)

பழைய தமிழில் கறைக்குக் கறுப்பு, நஞ்சு என்றும் பொருள் உண்டு. நஞ்சு தங்கிக் கறுத்த கழுத்து என்பதால்தான் சிவனைக் கறைக்கண்டன் என்கிறோம். அந்தச் சிவனைக் கோணேசர் என்று கும்பிடும் உங்கள் ஊரில் இந்தச் சொல்லைப் பிழையாக எழுதவிட எனக்கு மனமில்லை.

கறள் வேறு. அது இரும்பில் பிடிக்கும் துரு, உப்புக்காற்றில் நம் யன்னல் கம்பியெல்லாம் பிடிப்பது. அது துணியில் பட்டால் ‘கறள்கறை’ என்று எழுதலாம்.

பலகையில் ‘கறை அகற்றித் தரப்படும்’ போதும்.