வார்டும் வேண்டும், வகுப்பும் வேண்டும் என்றால்

தம்பி, கல்முனையில் வைத்திய அதிகாரியாக இருக்கிறீர்கள், சத்திரசிகிச்சை நிபுணராகவும் வேண்டும், படிப்பிக்கவும் வேண்டும், சுகாதார அமைச்சின் நிபுணராவதா பல்கலைக்கழக விரிவுரையாளராவதா என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பக்கம் போனாலும் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் எம்.டி. சோதனையும் (நிபுணராவதற்கான பட்டப்பின் சோதனை), பிறகு உள்நாட்டு, வெளிநாட்டுப் பயிற்சியும் உண்டு. ஆகவே முதலில் சோதனை.

படிப்பிக்க விரிவுரையாளர் பதவிதான் வேண்டும் என்றில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வருகிறார்கள்; அமைச்சின் நிபுணர்களும் வார்டில் படிப்பிக்கிறார்கள். பல்கலைக்கழகம் என்றால் ஆய்வும் வினாத்தாளும் கூட்டங்களும் சேரும் (கூட்டங்கள்தான் கொடுமை).

தியேட்டரில் தலைமை தாங்கப் பழகுவதையும் பதவி வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2008 சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் தெரியும்தானே: மயக்க மருந்துக்கு முன், தோலை வெட்டமுன், நோயாளி சத்திரசிகிச்சைத் தியேட்டரை விட்டுப் போகுமுன் என்று மூன்று தடவை நின்று சரிபார்க்க வேண்டும். ஒரு நாள் இரவு அவசரத்தில் நான் இரண்டாவதைத் தாண்டப் பார்த்தேன். தாதி ஒருவர், "டொக்டர், எந்தப் பக்கம் எண்டு சொல்லேல்லையே" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் பயப்படாமல் கேட்கிற தியேட்டர்தான் நல்ல தியேட்டர்.

சரி, இப்போதைக்கு உள்ளகப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு தையல் முடிச்சுப் போடப் பழக்குங்கள். படிப்பிப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.