‘சார், ஒரு கை பிடிங்க!’: வாசகர் கேள்வி-பதில்

இருபது வருடத்துக்கு மேல் வீட்டு உபயோகப் பொருள் கடைகளின் குடோனில் உட்கார்ந்து டெலிவரி வண்டிகளை அனுப்பியவன் என்பதால் இந்த மாதிரி கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: சாமானோடு வந்தவர் வீட்டுக்காரரையும் சேர்ந்து தூக்கச் சொல்கிறார்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் வாங்கினோம். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குட்டியானையில் டிரைவர் மட்டும் வந்து, “சார், ஒரு கை பிடிங்க, ஏத்திடலாம்” என்கிறார். கணவருக்கு டிஸ்க் பிரச்சினை. மறுத்தால் வண்டியைத் திருப்பிவிடுவாராம். – வேளச்சேரி வாசகி

திருப்பட்டும். உங்கள் கணவர் அதில் கையே வைக்க வேண்டாம். அந்த மெஷின் சும்மாவே 60, 70 கிலோ இருக்கும், சுற்றும்போது துள்ளக்கூடாது என்று உள்ளே கான்கிரீட் கட்டை வைத்திருப்பார்கள். தினமும் சுமை தூக்கும் ஆண் தொழிலாளிக்கே 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் திடீரென்று ஒரு நாள் மூன்று மாடிக்கு அதில் பாதியைத் தூக்கினால் என்ன ஆகும்?

டிரைவர் ஏன் தனியாக வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல கடைகள் வண்டியை டிரிப் கணக்கில்தான் பேசுகின்றன, லோடுமேன் கூலி அந்தப் பணத்துக்குள்ளேயே வர வேண்டும், ஆகவே கூட ஒரு ஆளை ஏற்றினால் டிரைவருக்கு மிச்சம் குறையும், ஏற்றாவிட்டால் நீங்கள்தான் அந்த இன்னொரு ஆள். தீபாவளி வாரத்தில் ஆள் கிடைக்காமல் நானே இப்படி அனுப்பியிருக்கிறேன், “கஸ்டமர் வீட்டுல யாராவது இருப்பாங்க, போ” என்று சொல்லித்தான். அதனால் டிரைவரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர் நிற்கும்போதே பில் நம்பரோடு கடைக்கு போன் போட்டு இரண்டு ஆள் வேண்டும் என்று கேளுங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதிப் போடுங்கள். மெஷின் வீட்டுக்குள் வரும் வரை ஓடிபி சொல்லாதீர்கள், சலானில் கையெழுத்தும் போடாதீர்கள். கையெழுத்து போட்டுவிட்டால் உங்கள் பிடி போச்சு.

பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘டெலிவரி தரைத்தளம் வரை மட்டும்’ என்று இருக்கிறது. வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. கேஸ் போடலாமா? – மதுரை வாசகர்

போடலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. விற்பனையாளர் வாயால் ‘ஃப்ரீ ஹோம் டெலிவரி’ என்று சொன்னாரா, விளம்பரத்தில் அப்படி இருந்ததா? இருந்தால் அதை போட்டோ எடுத்து வையுங்கள். பணம் கட்டும் முன் கண்ணில் படாத நிபந்தனையைப் பணம் கட்டிய பின் கொடுக்கும் பில்லில் காட்டுவது நியாயமில்லை என்று நீங்கள் வாதாட அது உதவும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், இந்த மாதிரி சின்ன விவகாரம் பல அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்து சேர்ந்ததென்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்பது 2020-ல் வந்த விதி.

மாறாக, வாங்கும்போதே அந்த வரியைக் காட்டி நீங்களும் தலையாட்டியிருந்தால் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். ஏற்றுக்கூலி கொடுத்து ஆள் பிடியுங்கள்.

கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கீழேயே வைத்துவிட்டுப் போகிறார். மேலே வர 50 ரூபாய் கேட்கிறார். நான் 64 வயது, தனியாக இருக்கிறேன். – திருச்சி வாசகி

சிலிண்டர் விஷயம் கடைச் சாமான் மாதிரி இல்லை அம்மா, இதில் பேரமே கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி பில் தொகையிலேயே சேர்ந்திருக்கிறது, எத்தனையாவது மாடியாக இருந்தாலும் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். உள்ளே 14.2 கிலோ கேஸ், வெறும் உருளையே பதினைந்து, பதினாறு கிலோ, ஆக முப்பது கிலோவை நீங்கள் உருட்டிக்கொண்டு படியேறக் கூடாது. ஏஜென்சிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நகரவில்லை என்றால் எண்ணெய் நிறுவனங்களின் 1800-2333-555 இருக்கிறது. பிரியப்பட்டு கையில் ஏதாவது கொடுப்பது உங்கள் இஷ்டம், நானும் கொடுக்கிறேன், ஆனால் எடை பார்த்து, கசிவு பார்த்து, உள்ளே வைத்த பிறகுதான்.

அபார்ட்மென்ட் சங்கத்தில் ஃப்ரிட்ஜை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்கிறார்கள். – ஆவடி வாசகர்

லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் கிலோ கணக்கைப் பாருங்கள். டபுள் டோர் ஃப்ரிட்ஜும் இரண்டு ஆளும் சேர்ந்தாலும் ஆறு பேர் லிஃப்டின் எடைக்குள் அடங்கிவிடும். சங்கத்தாரின் பயம் எடையே இல்லை, சுவரில் கீறல் விழுமே என்பதுதான். பழைய மெத்தையோ அட்டையோ கட்டி ஏற்றுவதாகச் செயலாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பிளக் போட வேண்டும்.

பாலக்காட்டுக்கு வீடு மாறுகிறோம். அங்கே நாமே சாமான் இறக்கினாலும் கூலி கேட்பார்களாமே? – கோவை வாசகர்

நோக்குகூலி. கையை வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி! கேரள அரசே 2018 மே 1 முதல் அதை ஒழித்ததாக அறிவித்துவிட்டது. யாராவது கேட்டால் போலீசைக் கூப்பிடலாம். இங்கே நம்மைத் தூக்கச் சொல்கிறார்கள், அங்கே தூக்க விடமாட்டேன் என்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது, உதவி செய்வதில் கௌரவக் குறைச்சலும் இல்லை. எப்படிப் பிடிப்பது? – சேலம் வாசகர்

சரி, மனசு இருந்தால் செய்யுங்கள். படியில் மேல் பக்கம் நீங்கள், கீழ் பக்கம் லோடுமேன். கீழே நிற்பவர் மேல்தான் பாரம் இறங்கும், கை நழுவினால் சாமான் போவதும் அவர் பக்கம்தான், அது பழகியவர் இடம். வெறுங்காலும் வேண்டாம், ஹவாய் செருப்பும் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டி விரல் வீங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டுத் திருப்பத்தை முன்கூட்டியே டேப் வைத்து அளந்துவிடுங்கள், பாதிப் படியில் பீரோவோடு நின்று யோசிப்பது நரகம். தூக்குவதற்கு முன் “விழுந்தால் யார் பொறுப்பு?” என்று டிரைவர் எதிரிலேயே கடைக்கு போன் போட்டுக் கேளுங்கள். பாதிப் பேருக்கு அந்த ஒரு போனிலேயே இரண்டாவது ஆள் வந்துவிடுவார்.