அந்தக் கடிதத்தை எழுதியது யார்?

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் 22 வருடம் இருந்து 1998ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வயது 67. 1987 நவம்பரில் அமைதிப்படையில் யாழ்ப்பாணம் பக்கம் இருந்தபோது கண்ணிவெடியில் அடிபட்டார் என்று ஊரில் சொல்வார்கள், அவர் வாயால் சொன்னதில்லை. போன மாதம் தோள்வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம். எக்ஸ்ரேயில் வலது கை முழுக்க உலோகத் துண்டுகள் தெரிகின்றன, எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மெடிக்கல் போர்டு தாளை எடுத்துப் பார்த்தால் 'வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து காயம்' என்று இருக்கிறது. ஊனம் 30 சதவீதம், அதற்கு உரிய தொகை வருகிறது, போர்க்காயத்துக்கு உரியது வரவில்லை. ஓர் அலுவலகத்தில் விசாரித்தால் 'அது போரே இல்லையே, அமைதி காக்கப் போனதுதானே' என்கிறார்கள். ஒரு வக்கீல் வருகிற அரியரில் 30 சதவீதம் கேட்கிறார். அப்பாவோ 'விடுப்பா' என்கிறார். பவர் எழுதி வாங்கி நானே கேஸ் போடலாமா? ஆதாரம் என்று எதுவும் இல்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் பழைய கடிதங்கள் கிடக்கின்றன, அந்தச் சமயத்தில் வந்த ஒன்று அவர் கையெழுத்துகூட இல்லை, 'அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன் மதினி' என்று யாரோ எழுதியது. அதெல்லாம் உதவாது. என்ன செய்வது?

ஒரு வாசகர், தென்காசி மாவட்டம் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

தம்பி, 'அதெல்லாம் உதவாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள், வக்கீல் கேட்கும் சதவீதம் இருக்கிறது, அரியர் எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பார்த்த கணக்கு இருக்கிறது, ஆனால் உங்கள் அம்மா இந்த இரண்டு பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் ஒரு டிரங்குப் பெட்டிக்குச் சொந்தக்காரியாக.

உங்கள் அப்பா தன் மனைவிக்கு எழுதும் கடிதத்தை இன்னொருவரை வைத்து ஏன் எழுதினார்? எழுதப் படிக்கத் தெரிந்தவர், மற்ற கடிதங்களெல்லாம் அவர் கையெழுத்துதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். வலது கை கட்டுக்குள் இருந்திருக்கிறது, அதனால்தான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். தமிழில் எழுதியிருக்கிறார். 'அண்ணி' என்று எழுதவில்லை, 'மதினி' என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அவர் உங்கள் பக்கத்து ஆள், தெற்குச் சீமைக்காரர், உங்கள் வீட்டை அறிந்தவர் அல்லது அறிந்தவர்போலப் பேசும் அளவுக்கு உங்கள் அப்பாவோடு பழகியவர். அந்தக் காயம் பச்சையாக இருந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர் அவர். ஆதாரம் எதுவும் இல்லை என்கிறீர்கள், கண்ணால் கண்ட சாட்சியின் கையெழுத்தே உங்கள் வீட்டில் இருக்கிறது, அது யாருடையது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள். 38 வருடமாக அந்தத் தாளை ஒரு பெண் பாதுகாத்து வைத்திருக்கிறாள், எத்தனை வீடு மாறியிருப்பீர்கள், எத்தனை மழைக்காலம் போயிருக்கும், அவள் அதை மட்டும் எலி கடிக்காமல் வைத்திருக்கிறாள் என்றால் அவளுக்குத் தெரியும் அது என்னவென்று. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

இந்தப் பகுதிக்கு முன்னாள் ராணுவத்தார் வீடுகளிலிருந்து இப்படிக் கடிதங்கள் பல வருடமாக வருகின்றன. அனேகமாக எல்லாவற்றிலும் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள், எல்லோரும் வக்கீலில்தான் ஆரம்பிக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு.

சரி, முதலில் அந்த அலுவலகத்தில் சொன்ன பதிலை எடுத்துக்கொள்வோம், அது தப்பு. 1987 அக்டோபரில் சண்டை தொடங்கியதிலிருந்து 1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலேறும் வரை அங்கே செத்த நம் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்தக் களத்தில் 1987 நவம்பரில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தது இதே அரசாங்கம்தான். ராணுவப் பென்ஷன் விதிகளில் ஊனத்தையும் மரணத்தையும் ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வேலையில் இருக்கும்போது நடந்த விபத்து என்றால் சி. போரிலும் போர் போன்ற சூழ்நிலையிலும் பட்டது இ. வெளிநாட்டில் அமைதி காக்கும் பணியில் இருக்கும்போது நடந்த நடவடிக்கையும் கண்ணிவெடியும் இந்தக் கடைசி வகைக்குள்தான் வருகின்றன, 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதத்தில் வரிசையாக இருக்கிறது, 1996 ஜனவரி 1க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் அப்பா 1998. அடுத்த தடவை 'அது போரே இல்லையே' என்று யாராவது சொன்னால் அந்தக் கடிதத்தின் நகலை மேஜைமேல் வையுங்கள்.

பணக் கணக்கில் நீங்கள் ஒன்றைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். காயத்துக்குப் பிறகும் சேவையில் தொடர்ந்து காலம் முடித்து வந்தவருக்கு, நூறு சதவீத ஊனம் என்றால் ஊனத் தொகை கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதுவே போர்க்காயம் என்றால் 60 சதவீதம். ஊனம் குறையக் குறைய அதே விகிதத்தில் குறையும். ஆக, ஏறக்குறைய இரட்டிப்பு, நீங்கள் போட்டதுபோல நாலு மடங்கெல்லாம் இல்லை. 1998லிருந்து மொத்த பாக்கியும் வரும் என்று நினைத்திருக்கிறீர்கள், அதையும் நம்பியிருக்க முடியாது. தாமதமாகக் கேட்பவருக்குப் பொதுவாக மூன்று வருட அரியர்தான் என்று 2008ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் பின்பற்றி வந்திருக்கின்றன. அப்புறம் இன்னொன்று: 50க்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகக் கணக்கிட வேண்டும், காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. அப்பாவின் பென்ஷன் உத்தரவில் (பி.பி.ஓ.) இன்னும் 30 என்றே இருந்தால் அதைத் தனி மனுவாக இன்றைக்கே அனுப்பலாம், அதற்குக் கண்ணிவெடியை நிரூபிக்க வேண்டியதே இல்லை.

வக்கீல் விஷயம். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசிக் கூலி வாங்குவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அப்படிக் கேட்பவரிடம் உங்கள் அப்பாவின் காயத்தை ஒப்படைக்காதீர்கள்.

இப்போது உங்கள் அப்பா சொல்லும் 'விடுப்பா'. அவருக்கு அலுப்பு என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள், பவர் எழுதி வாங்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய்விடலாம் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது இதில்தான். அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தீர்களா? 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவர் காரணம் சொன்னார், அந்தக் காரணத்தோடு அன்றைக்குத் தமிழ்நாட்டில் நிறையப் பேர் உடன்பட்டார்கள், நானும் உடன்பட்டேன். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் நடந்ததைப் படித்த எவரும் அந்தப் படையைக் கைதட்டி வரவேற்றிருக்க முடியாது, அங்கே செத்தவர்கள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும். ஆனால் அந்தப் படைக்குள் உங்கள் அப்பா மாதிரித் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்களே. பக்கத்தில் நின்ற பஞ்சாப்காரருக்கும் கூர்க்காவுக்கும் அந்த ஊர் ஜனங்களின் அழுகை வெறும் சத்தமாகக் கேட்டிருக்கும், உங்கள் அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். அதைக் கேட்டுவிட்டு வந்தவர், ஊரில் டீக்கடையில்கூட அந்த இரண்டு வருடம் எங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல், அதற்காக ஒரு பதக்கத்தைக் கேட்டு வாங்கவும் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படித்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நீங்கள், பெற்ற பிள்ளை. நாற்பது வயதுக்கு மேல் ஆன ஒரு மகனுக்குத் தன் அப்பாவின் கைக்குள் இரும்பு இருப்பதை ஸ்கேன் சென்டர்காரர் சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் முதலில் திருத்த வேண்டியது ராணுவ ரெக்கார்டை அல்ல.

என் சித்தப்பா 1971 பங்களாதேஷ் போரில் கிழக்கே போனவர். இடது தொடையில் குண்டு துளைத்த வடு, சாகும்வரை லேசாக நொண்டினார். அவர் தாளிலும் வேறு என்னவோ எழுதியிருந்தது. நாங்கள் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்தபோது அவர் போய் நாலு மாதம் ஆகியிருந்தது, கூட இருந்தவர்கள் பெயர் சித்திக்கு இரண்டுதான் ஞாபகம், இரண்டு பேரும் உயிரோடு இல்லை. சித்தி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'இத்தனை வருசம் நான் தைலம் தேய்ச்ச காலு விழுந்து அடிபட்ட காலாடா?' என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன். உங்களுக்கு அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், கடிதம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதியவர் அப்பா வயதுதான் இருப்பார், இன்னும் எத்தனை நாள் காத்திருப்பார்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாவிடம் போய் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், நீங்களாகப் பெட்டியைத் திறக்காதீர்கள். அதில் ராணுவத் தபால் முத்திரை இருக்கும், எண்ணும் தேதியும் தெரிகிறதா என்று பாருங்கள். லேமினேஷன் செய்கிறேன் என்று கெடுத்துவிடாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பெயர் கிடைத்ததும் அவரைத் தேடுங்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், அப்பாவின் பட்டாலியன்காரர்கள் வாட்ஸப் குழு வைத்திருப்பார்கள், அதில் கேட்டால் இரண்டு நாளில் ஆள் கிடைப்பார். அன்றைக்கு அந்த வண்டியில் இருந்த இன்னொருவரும் கிடைத்தால் நல்லது. எந்த இடம், என்ன நேரம், வண்டி எதில் ஏறியது, யார் தூக்கினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அவரவர் பார்த்ததை மட்டும் அவரவர் வார்த்தையில் நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரமாக எழுதித் தரட்டும். நீங்கள் ஒன்றை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினால் தீர்ப்பாயத்தில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எக்ஸ்ரேயை அப்படியே விடாதீர்கள். கைக்குள் இருப்பவை வெளியிலிருந்து வந்த உலோகத் துண்டுகள் என்று எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்தவனுக்கு எலும்பு முறியலாம், சதைக்குள் இரும்பு எப்படிப் போகும்? இந்த ஒரு கேள்விக்கு அந்தத் தாளால் பதில் சொல்லவே முடியாது.

அப்புறம் ஆர்.டி.ஐ. மனு, கட்டணம் 10 ரூபாய்தான், அப்பாவின் கையெழுத்தில் போகட்டும். அவருடைய ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் எங்கே இருக்கிறதோ அங்கே உள்ள தாள்களைத்தான் கேட்கிறீர்கள் (மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்கள் என்னும் பொறியாளர் படைக்காரர்களுக்கு பெங்களூரு). சும்மா 'எல்லா ஆவணமும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. ஷீட் ரோல் (சேவைப் பதிவு), 1987 நவம்பர் முதல் அடுத்த வருடம் பாதி வரைக்குமான பார்ட் டூ ஆர்டர் (சிப்பாய்க்கு நடந்ததை யூனிட் பதிவு செய்யும் உத்தரவு), காயத்துக்கு யூனிட் நிரப்பிய ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற எண்ணுள்ள படிவம், மருத்துவமனையில் சேர்த்த, விட்ட குறிப்பு, ஓய்வின்போது நடந்த மெடிக்கல் போர்டு முழுவதும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காயம்பட்டவரை வேறு யூனிட் வண்டி தூக்கிக்கொண்டு போயிருந்தால் பேட்டில் கேஷுவாலிட்டி, அதாவது போரில் காயம்பட்டவர் என்று போக வேண்டிய செய்தி போகாமலே இருந்திருக்கலாம், பிறகு எவரோ ஒரு கிளார்க் தனக்குத் தோன்றியதை நிரப்பியிருக்கலாம், அப்பா ஆங்கிலப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். எங்கே தடம் மாறியது என்பது இந்தத் தாள்கள் வந்தால் தெரியும்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு ரெக்கார்ட்ஸுக்கு அப்பாவே மனு எழுதட்டும்: பேட்டில் கேஷுவாலிட்டியாகத் திருத்த வேண்டும், வகையை இ என்று மாற்றித் திருத்திய பி.பி.ஓ. தர வேண்டும், பராக்ரம் பதக்கம் தர வேண்டும். எதிரி நேரடியாகத் தாக்கிக் காயப்பட்டவர்களுக்கு உரிய பதக்கம் அது, முன்பு ஊண்ட் மெடல் என்று பெயர், வெள்ளை ரிப்பனில் நடுவே ஒரு சிவப்புக் கோடு. மறுத்தால் மேல்முறையீடு, அதுவும் மறுத்தால் இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அந்தக் கட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், பேசிய கூலிக்கு வேலை செய்யும் வக்கீலாக.

பவர் பத்திரத்தை மறந்துவிடுங்கள். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, கை நடுங்கினாலும் கையெழுத்துப் போடுகிறார். அவர் வேண்டாம் என்றால் இது நடக்கக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்வது அரியரையா, பதக்கத்தையா, அந்த நாளைத் திரும்ப நினைப்பதையா என்று நீங்கள் கேட்கவே இல்லையே. அம்மா பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள், பணத்தைப் பற்றி அன்றைக்குப் பேசாதீர்கள். அம்மாவுக்கு அதில் பேச உரிமை இருக்கிறது, அந்தக் கையை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டவர் அவர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரின் நம்பரைத் தேடிப் பிடித்து, அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே வந்து உட்காருங்கள். அவர் பெயர் என்ன என்று எனக்கு எழுதுங்கள், பத்திரிகையில் போடமாட்டேன்.