புரொக்ஸ்மொக்ஸ் ஹோஸ்டின் அமைப்புகளைப் புது எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது ஒரே ஒரு புரொக்ஸ்மொக்ஸ் சேர்வர், அதாவது ஒரே மெஷினுக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ஹோஸ்ட். சிஸ்டம் இருக்கும் எஸ்எஸ்டி தேய்ந்துவிட்டது, விஎம்களின் டிஸ்க்குகள் வேறு ட்ரைவில் பத்திரமாக இருக்கின்றன. ஹோஸ்டின் அமைப்புகளை மட்டும் புது எஸ்எஸ்டிக்கு எடுத்துப்போக வேண்டும், அமைப்புக் கோப்புகள் தெரியும் ஈடிசி பிவிஈ (/etc/pve) ஃபோல்டரை கொப்பி பண்ணினால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் அதைத்தான் முதலில் செய்தேன்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கல்வி நிலையத்தின் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் வருகைப் பதிவு, கட்டணக் கணக்கு, வினாத்தாள்கள் எல்லாம் அதில் உள்ள மூன்று விஎம்களில். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களையும் அந்த எஸ்எஸ்டி தாண்டி வந்தது. அதற்குப் பிறகும் மழைக்காலம் வந்தால் கம்பியில் மரம் விழும், கரண்ட் போகும், வரும். கடைசியில் புரொக்ஸ்மொக்ஸின் டிஸ்க் பக்கத்தில் வெயாரவுட் (தேய்மான சதவீதம்) 90ஐத் தாண்டியது. சரி, மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன்.

சேர்வரை நிறுத்தி, பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி, லெப்டொப்பில் மாட்டி, ஈடிசிக்குள் பிவிஈயைத் திறந்தேன். காலி. ஒரு கோப்பு இல்லை. அலுவலகத்து அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "தம்பி, காலையில வகுப்புக்கு முந்தி வந்துருமா?" என்று கேட்கிறார். எனக்கு வாயே வரவில்லை.

அந்த ஃபோல்டர் உண்மையில் டிஸ்க்கில் இல்லை. பிவிஈ-கிளஸ்டர் என்ற சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியும் தோற்றம் அது. உண்மையான சரக்கு வேறு இடத்தில், வார், லிப், பிவிஈ-கிளஸ்டர் என்று உள்ளே போனால், கொன்பிக்.டிபி என்ற ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பில் இருக்கிறது. விஎம்களின் அமைப்பு, ஸ்டோரேஜ் பட்டியல், பயனர்கள், பெக்கப் நேரங்கள் எல்லாம் அதற்குள்ளேதான். என்னுடையது 1 எம்பிகூட வரவில்லை. ஐந்து வருட வேலை அவ்வளவு சின்னக் கோப்பில் இருந்தது என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே சேர்வர் உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முதலில் ஒவ்வொரு விஎம்மையும் வெளி ட்ரைவுக்கு பெக்கப் எடுங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது. அப்புறம் விஎம்களை நிறுத்தி, பிவிஈ-கிளஸ்டர் சேவையையும் நிறுத்தி, கொன்பிக்.டிபியை கொப்பி பண்ணுங்கள். சேவை ஓடும்போது எடுத்தால் கடைசியாக எழுதியது பக்கத்துக் கோப்பில் தங்கிவிடலாம். கூடவே ஈடிசியிலிருந்து நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ், ஹோஸ்ட்ஸ், ஹோஸ்ட்நேம், எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க் எங்கே ஏறும் என்ற பட்டியல்) கோப்புகளையும் எடுங்கள். கிராபிக்ஸ் கார்ட் போன்றவற்றை விஎம்முக்குக் கொடுத்திருந்தால் கிரப் (பூட் லோடர்) அமைப்பும் மோட்புரோப் (ட்ரைவர் அமைப்பு) ஃபோல்டரும் வேண்டும். இவை எதுவும் அந்த டேட்டாபேஸுக்குள் இல்லை.

டிஸ்க்கை அப்படியே க்ளோன் பண்ணலாமே என்று சிலர் சொல்வார்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, இடம் போதாமல் மட்டும் மாற்றுவதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். தேய்ந்த டிஸ்க்கைத் தலை முதல் கால் வரை வாசிக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாசிக்கும்போதே செத்துப்போகலாம், பழுதான கோப்புகளும் சேர்ந்து வந்துவிடும்.

புதிதாக நிறுவும்போது மற்ற ட்ரைவ்களின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இன்ஸ்டோலர் தேர்ந்தெடுத்த டிஸ்க்கை முழுதாகத் துடைத்துவிடும். களைத்த கையால் தவறான டிஸ்க்கைத் தொட்டால் விஎம்கள் போய்விடும். புரொக்ஸ்மொக்ஸின் பழைய பதிப்பையே போடுங்கள், நோட் (சேர்வர்) பெயரையும் பழையதையே எழுத்து மாறாமல் கொடுங்கள். பெயர் மாறினால் விஎம்கள் பழைய நோட்டின் கீழே சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயருக்கு நேராகச் சரியான ஐபி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிவிஈ-கிளஸ்டர் எழும்பாது. பிறகு சேவையை நிறுத்தி, புது கொன்பிக்.டிபியின் இடத்தில் பழையதை வைத்து, அனுமதியை 0600 ஆக்கி, மெஷினை நிறுத்துங்கள். கழற்றிய டேட்டா ட்ரைவை மாட்டி ஓன் பண்ணுங்கள்.

எனக்கு ரீபூட் ஆகியும் வெப் பக்கம் திறக்கவில்லை. இரவு பதினொன்றரை மணி, வெளியே பனி, மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். பழைய எஸ்எஸ்டி சாட்டா, புதியது என்விஎம்ஈ. காலியாக இருந்த ஸ்லொட்டில் அது ஏறியதும் பிசிஐ எண்கள் (கார்டுகளின் இட எண்கள்) ஒன்று தள்ளிவிட்டன. நெட்வொர்க் கார்ட் ஈஎன்பி2எஸ்0 என்ற பெயரிலிருந்து ஈஎன்பி3எஸ்0 ஆகிவிட்டது. நானோ பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பை அப்படியே போட்டிருந்தேன், விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் விஎம்பிஆர்0 பிரிட்ஜ், இல்லாத கார்டைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு எண்ணைத் திருத்தியதும் வந்துவிட்டது. நீங்கள் ரீபூட்டுக்கு முன்பே புதுப் பெயரைப் பார்த்து மாற்றிவிடுங்கள். ஐபி, கேட்வே விபரத்தைக் கடதாசியில் எழுதி வைத்திருப்பதும் நல்லது. நெட்வொர்க் இல்லாத நேரத்தில் இணையத்தில் சேமித்த குறிப்பைத் திறக்க முடியாது.

டேட்டா ட்ரைவ் இசட்எஃப்எஸ் (ஒரு கோப்பு முறைமை) என்றால், வேறு சிஸ்டத்தின் பூல் (டிஸ்க் தொகுதி) என்று சொல்லித் தானாக ஏற மறுக்கும். இசட்பூல் இம்போர்ட் கட்டளையை மைனஸ் எஃப்போடு ஒருமுறை கொடுத்தால் போதும். எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பிரிப்பு முறை) என்றால் தானாகவே தெரியும். ஒரு விஎம்மின் டிஸ்க்காவது பழைய எஸ்எஸ்டியின் லோக்கல்-எல்விஎம் என்ற ஸ்டோரேஜில் இருந்தால், பெயர் பட்டியலில் வரும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. அதை பெக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும். ஹார்ட்வேர் பக்கத்தைத் திறந்து எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பழைய எஸ்எஸ்டியை உடனே துடைக்காதீர்கள். திகதி எழுதிய உறையில் போட்டு இரண்டு மாதம் வைத்திருங்கள். அதை அதே சேர்வரில் மட்டும் மாட்ட வேண்டாம். இரண்டு டிஸ்க்கிலும் வொல்யூம் குரூப்பின் (எல்விஎம் தொகுதியின்) பெயர் பிவிஈ என்றே இருக்கும், எது எது என்று சிஸ்டம் குழம்பும். ஏதாவது எடுக்க வேண்டியிருந்தால் வேறு மெஷினில் மாட்டி எடுங்கள்.