வரி குறைந்து மிஞ்சிய 13,000 ரூபா எங்கே போனது

"வருமான வரி விலக்கு எல்லையைக் கூட்டினால் குடும்பங்களுக்கு உண்மையில் நன்மை உண்டா? ஏழை, பணக்காரர் இடைவெளி குறையுமா?" இதுதான் கேள்வி.

கேட்டவர் பெயர் போடவில்லை. கேட்கும் விதத்தைப் பார்த்தால் புதிதாக வேலைக்குப் போய், முதல் சம்பளத் துண்டில் கழிவைக் கண்டு திகைத்துப்போன ஒரு தம்பியோ தங்கச்சியோ என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கேட்டிருந்தால் மன்னிக்கவும், எனக்கு இலங்கைக் கணக்கு மட்டும்தான் தெரியும். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். எந்த வங்கி என்று கேட்க வேண்டாம். பொருளாதாரம் படித்தவர்கள் இதைவிட நன்றாக எழுதுவார்கள். எனக்கு என் சம்பளத் துண்டு தெரியும், எங்கள் கவுண்டருக்கு வரும் சனத்தைத் தெரியும். அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. 2020 முதல் 2022 முடியும் வரை எங்கள் நாட்டில் வருடம் 30 இலட்சம், அதாவது மாதம் இரண்டரை இலட்சம் வரை உழைத்தவருக்கு வருமான வரி இல்லை. அதைக் கொடுத்தபோது எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். அதோடு சேர்த்து வற் வரியையும், அதாவது சாமான் விலையோடு சேர்த்து அறவிடும் வரியையும், 15 இலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். அரசாங்கத்தின் வருமானம் சரிந்தது, கொரோனா வந்தது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. பிறகு சர்வதேச நாணய நிதியத்திடம் போனோம். 2023 ஜனவரி முதல் விலக்கு எல்லை வருடம் 12 இலட்சமாக இறங்கியது. அதற்கு மேலே ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறி, மிச்சத்துக்கு 36 வீதம்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2018 இல் சம்பளக்காரருக்கு இருந்த விலக்கும் இதே 12 இலட்சம்தான். ஆனால் 2018 இன் ஒரு இலட்சமும் 2023 இன் ஒரு இலட்சமும் ஒன்றா? இடையில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு வந்திருந்தது. இலக்கம் பழையது, காசின் பெறுமதி ஏறக்குறைய பாதி.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2021 இல் வீட்டுக்கடன் எடுத்தோம். கையில் வரும் சம்பளத்தைப் பார்த்துத்தான் தவணையைத் தீர்மானித்தேன். வங்கியில் இருந்துகொண்டு இதில் பிழை விடலாமா என்று கேட்பீர்கள். வரி சுழியாக இருந்த காலத்தில் போட்ட கணக்கு அது. அப்போது என் கணவர் அச்சகம் நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணக் காட், அந்தியேட்டி மலர், கோயில் நோட்டீஸ் என்று ஓரளவு ஓடியது. 2022 இல் கடதாசி விலை ஏறிய ஏற்றத்தில் மிசினை நிற்பாட்டினார். அதன் பிறகு வீட்டில் ஆறு பேர், சம்பளம் ஒன்று. நான், அவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா, மாமி.

2023 ஜனவரிச் சம்பளத் துண்டைக் கையில் எடுத்தபோது வரிக் கழிவு 21,000 என்று இருந்தது. என் மொத்தச் சம்பளம் இரண்டரை இலட்சம். "இரண்டரை இலட்சம் எடுக்கிறவர் அழலாமா" என்று கீழே எழுத ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். வாருங்கள். கடன் தவணை, அம்மாவின் நீரிழிவு மருந்து, மாமியின் கண் சத்திரசிகிச்சை, கரண்ட் பில் எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எனக்கு நொந்தது 21,000 கூட இல்லை. எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் நான்காவது வீட்டில் ஒரு தம்பதி. இரண்டு பேருக்கும் வேலை, ஆளுக்கு ஒன்றேகால் இலட்சம். அவர்கள் வீட்டுக்கும் மாதம் இரண்டரை இலட்சம், எங்கள் வீட்டுக்கும் அதே இரண்டரை இலட்சம். அவர்கள் கட்டியது ஆளுக்கு 1,500, ஆக 3,000. நாங்கள் 21,000. சட்டம் வீட்டைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கிறது. எத்தனை பேர் அந்த ஒரு சம்பளத்தில் சோறு தின்கிறார்கள் என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் கிடையாது. கூரையில் சூரிய மின்தகடு பூட்டினால் வருடம் 6 இலட்சம் வரை கழிக்கலாம். கூரைக்குக் கீழே படுத்திருக்கும் இரண்டு வயோதிபரைக் காட்டி ஒரு சதமும் கழிக்க முடியாது. (சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டக் காசு இருந்தால் நானும் பூட்டுவேன்.)

அந்தத் தம்பதியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல சனம். போன பொங்கலுக்கும் எங்களுக்குப் புக்கை தந்தவர்கள்.

2025 ஏப்ரலில் எல்லையை 18 இலட்சமாக்கினார்கள். முதல் படியான 6 வீதத்தையும் அடுத்த 10 இலட்சத்துக்கு அகலமாக்கினார்கள். அதே இரண்டரை இலட்சத்துக்கு இப்போது 8,000 தான். மாதம் 13,000 மிச்சம். ஆக, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: ஓம், நன்மை உண்டு. மாதம் ஒரு இலட்சத்துக்கு மேலே உழைக்கிறவர்களுக்கு உண்டு. எங்கள் ஊரில் அப்படி எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதே ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் போஸ்டர் அடித்து ஒட்டவில்லை. வைப்பு வட்டியில் பிடிக்கும் நிறுத்தி வைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 ஆனது. கவுண்டரில் நிற்பது நான்தானே. ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர், என் அம்மாவின் வயது, 20 இலட்சம் நிலையான வைப்பு வைத்திருக்கிறா. 2023 தொடக்கத்தில் 20 வீதத்துக்கு மேலே இருந்த வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி அவவின் மாத வரவு ஏற்கனவே சுருங்கியிருந்தது. அதிலும் பத்தில் ஒன்று குறைந்ததும் புத்தகத்தை மேசையில் போட்டா.

"பிள்ளை, என்ர காசில கை வைக்க நீர் ஆர்?"

"அம்மா, நாங்கள் எடுக்கேல்லை, இறைவரித் திணைக்களத்துக்குப் போகுது."

"அவையள் என்னட்டக் கேட்டவையோ?"

கேட்கவில்லைதான். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் சுயபிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள் என்று விளங்கப்படுத்தி, நானே நிரப்பிக் கொடுத்தேன். அந்தக் கிழமை மட்டும் நாற்பது பேருக்காவது நிரப்பியிருப்பேன். விபரம் தெரிந்து வந்தவர்களுக்குக் காசு தப்பியது. வேலணையிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிற வயதானவர்களில் பலருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. அதற்கு முதல் வருடம்தான் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வரி இலக்கம் (ரின்) எடுக்க வேண்டும் என்று ஓட வைத்தார்கள். எங்கள் மாமிக்கும் ரின் இலக்கம் இருக்கிறது. வருமானம்தான் இல்லை.

இடைவெளி குறையுமா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். இது எனக்குக் கொஞ்சம் சங்கடமான இடம்.

2023 மார்ச் 15 வேலைநிறுத்தம் ஞாபகம் இருக்கும். வைத்தியர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், மின்சார சபை, வங்கி எல்லாரும் இந்த வரிக்கு எதிராக இறங்கினோம். உயர்தர விடைத்தாள் திருத்தும் வேலைகூட அந்த மாதங்களில் இழுபட்டது. நானும் கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றேன். அடுத்த நாள் காலையில் எங்கள் கிளையைக் கூட்டித் துடைக்கும் அக்கா, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மூலம் வருகிறவ, மொப்பை வாளியில் பிழிந்துகொண்டே கேட்டா:

"தங்கச்சி, எவ்வளவு சம்பளம் எடுத்தா உந்த வரி வரும்?"

"ஒரு இலட்சத்துக்கு மேல அக்கா."

"ஓ" என்று மட்டும் சொன்னா. கிண்டல் இல்லை, உண்மையாகவே அறியத்தான் கேட்டவ. அவவின் சம்பளம் அப்போது முப்பதாயிரத்துக்குள். உங்களுக்கு எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று அடுத்ததாகக் கேட்டுவிடுவாவோ என்று நான் பயந்தேன். கேட்கவில்லை. நான் கணினியைப் போட்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் இரவு நித்திரை வராமல் கணக்குப் பார்த்தேன். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். முன்பு விலக்காக இருந்த பெற்றோல், டீசல், சமையல் எரிவாயுவும் உள்ளே வந்தன. அந்த அக்கா மாதம் 15,000 ரூபாவுக்கு வற் உள்ள சாமான் வாங்குகிறா என்று வைப்போம். சவர்க்காரம், பற்பசை, பிள்ளைக்கு பிஸ்கட், போனுக்கு ரீலோட், காஸ். அதற்குள் வற் மட்டும் கிட்டத்தட்ட 2,300 ரூபா. முப்பதாயிரத்தில் அது ஏழு வீதத்துக்கு மேலே. என் வருமான வரி இப்போது இரண்டரை இலட்சத்தில் 8,000, அதாவது மூன்று வீதம் சொச்சம். நானும் வற் கட்டுகிறேன்தான், கூட்டிப் பார்த்தால் என் பங்கும் ஏறும், தெரியும். ஆனால் சம்பளத்தின் ஒரு பகுதியை நான் கடனிலும் சேமிப்பிலும் போடுகிறேன், அதற்கு வற் இல்லை. அவ உழைப்பது முழுக்கக் கடைக்குத்தான் போகிறது. அவவுக்குச் சம்பளத் துண்டும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. கடைக்காரனிடம் "வற்றைக் கழித்துத் தாரும்" என்று கேட்கவா முடியும்?

வருமான வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது எங்களைப் போன்ற நடுவில் நிற்பவர்களுக்குள் நடக்கிற சங்கதி. அந்த அக்கா அந்தப் படத்திலேயே இல்லை. மேலே இருப்பவர்களில் பாதிப் பேரும் இல்லை.

இதைச் சொன்னால் "கனடாக் காசைச் சொல்கிறாயா" என்று சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஊரில் யார் மாடி கட்டுவார், யார் ஓடு மாற்றக் கஷ்டப்படுவார் என்பதைச் சம்பளம் தீர்மானிப்பதில்லை. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ ஒரு தம்பி இருக்கிறானா என்பதுதான் தீர்மானிக்கிறது. அண்ணன் தங்கச்சிக்கு அனுப்பும் காசு வருமானம் அல்ல, அதற்கு வரி கேட்கவும் கூடாது. போர்க்காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பும் அந்தக் காசில்தான் எரிந்தது. நான் சொல்வது, யாழ்ப்பாணத்தின் ஏற்றத்தாழ்வை வரிப் படிவத்தில் தேடினால் அகப்படாது என்பதை மட்டும்.

அகப்பட வேண்டியதும் அகப்படுவதில்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு ரியூட்டரி. ஒரு பாடத்துக்கு ஒரு பிள்ளை மாதம் 2,000, ஒரு வகுப்பில் இருநூறு பேர், இப்படி எத்தனை வகுப்பு என்று நீங்களே பெருக்குங்கள். முழுக்கக் கைக்காசு. அதை நடத்துகிறவர் வரி கட்டுகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கட்டினால் சந்தோஷம். ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று குதிக்க வேண்டாம், என் அத்தானும் வாத்தியார்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஒழுங்கையால் ஒரு ஓட்டோ போகாது. சைக்கிளும் ஸ்கூட்டியும் மதிலோடு மதில். போன வருடம் மாமிக்கு மூச்சு முட்டியபோது முன்வீதி வரைக்கும் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். போய்ச் சொன்னதற்கு, "அன்ரி, பிள்ளைகள் படிக்கிறது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார் வாசலில் நின்ற பொடியன். உள்ளூராட்சிக் காரியாலயத்தில் கடிதம் கொடுத்து ஒன்பது மாதம், பதில் இல்லை. என்னுடைய வரி மட்டும் ஒரு மாதமும் பிந்தியதில்லை. சம்பளம் கைக்கு வர முதலே போய்விடும்.

சரி, கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விடுங்கள். நீங்கள் நான் நினைத்த அந்தத் தம்பியோ தங்கச்சியோ என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். சம்பளத் துண்டில் வரிக் கழிவு புதிய படியின்படி வெட்டப்படுகிறதா என்று பாருங்கள். ஒன்றரை இலட்சத்துக்குள் என்றால் ஒரு ரூபாவும் போகக் கூடாது, இரண்டு இலட்சம் என்றால் 3,000 தான். அப்புறம், வீட்டில் அம்மா அப்பா பெயரில் வைப்பு இருந்தால் இந்தக் கிழமையே வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

எங்களுக்கு மிஞ்சிய 13,000 எங்கே போனது என்றும் சொல்லிவிடுகிறேன். 5,000 அம்மாவின் மருந்து விலை ஏறியதற்கு. மிச்சம் 8,000 மூத்தவனின் ரியூசன். நாலு பாடம், அதே ஒழுங்கை முகப்பில். நல்லாய்ப் படிப்பிக்கிறார் என்று ஊரே சொல்லும்போது வேறு எங்கே விடுவது? முதல் மாதக் காசை என்வெலப்பில் போட்டுக் கொடுக்கும்போது "ரசீது ஒன்று தருவீங்களோ?" என்று கேட்டேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார். மகன் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, வாங்கோ போவம்" என்றான்.