அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) பாய்லர் புகையில் வரும் கார்பன் டை ஆக்சைடை 5 சென்ட் பாசித் தொட்டியால் பிடிக்க முடியுமா?

மார்த்தாண்டம் பக்கம், தினமும் 100 கிலோ ரப்பர் விறகு எரியும் பாய்லர் என்று கேட்டிருக்கிறீர்கள். புகையில் பாசி நன்றாகவே வளரும். ஆனால் உங்கள் புகையில் ஐம்பதில் ஒரு பங்குதான் அந்த 5 சென்ட்டில் அடங்கும்.

காய்ந்த விறகிலும் காய்ந்த பாசியிலும் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அதனால் ஒரு கிலோ விறகுக்கு ஒரு கிலோ பாசி விளைந்தாக வேண்டும். ஈரம் போக உங்கள் விறகு 80 கிலோ. திறந்த தொட்டியில் நம்பக்கூடிய விளைச்சல் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம். ஆக, 8,000 சதுர மீட்டர், அதாவது 2 ஏக்கர் தண்ணீர்ப் பரப்பு வேண்டும். உங்கள் இடத்தில் நடைவழி போக 150 சதுர மீட்டர் தேறும்: 1.5 கிலோ பாசி, 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

பலர் மறப்பது மின்சாரத்தை. தண்ணீரைச் சுற்றவிடும் துடுப்புச் சக்கரம், பம்பு, புளோயர் எல்லாம் சேர்த்து அரை குதிரைத்திறன் என்றாலும் 10 மணி நேரத்தில் 3.7 யூனிட். நம் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பிடித்தது முழுக்க அதிலேயே போய்விடும். சோலார் இல்லாமல் இதை ஆரம்பிக்கவே கூடாது.

இதற்குப் பிறகும் செய்வதானால் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியை வையுங்கள். குளோரெல்லா என்ற பச்சைப் பாசி மிகச் சிறிய செல். துணியில் நிற்காது, படிகாரமோ கைட்டோசானோ (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) போட்டுத் திரட்ட வேண்டும். ஸ்பைருலினா இழையாக இருப்பதால் 30 முதல் 50 மைக்ரான் துணியில் வடியும். அது வாழும் காரநீரே புகையையும் உறிஞ்சும் என்பது பெரிய வசதி.

தொட்டி ஆழம் 20 செ.மீ., நீரோட்டம் வினாடிக்கு 20 முதல் 30 செ.மீ. 30,000 லிட்டருக்கு லிட்டருக்கு 8 கிராம் வீதம் 240 கிலோ சமையல் சோடா (சோடியம் பைகார்பனேட்) ஒருமுறை போட வேண்டும். பாசி கார்பனை எடுக்க எடுக்க பைகார்பனேட் கார்பனேட்டாகும், பி.ஹெச் (காரத்தன்மையின் அளவு) ஏறும், புகை பட்டால் திரும்பப் பைகார்பனேட்டாகும். சோடா சுற்றிக்கொண்டே இருக்கும், தீராது.

புகையை நேராகத் தொட்டிக்குள் விடாதீர்கள். 20 செ.மீ. தண்ணீரில் குமிழி கரைவதற்குள் மேலே வந்துவிடும். புகைபோக்கியிலிருந்து 2 அங்குலக் குழாயில் மணிக்கு 3 முதல் 5 கன மீட்டர் இழுத்தால் போதும். முதலில் தண்ணீரில் ஓடும் குழாயில் 40 டிகிரிக்குக் கீழே ஆற்றி, தண்ணீர் தெளிக்கும் டிரம்மில் கரியையும் தாரையும் கழுவுங்கள். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு 200 லிட்டர் டிரம், உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். கீழிருந்து புகை, மேலிருந்து தொட்டித் தண்ணீர். தொட்டியின் பி.ஹெச் 10.2 தாண்டினால் புகையை ஓட்டி, 9.6 வந்ததும் நிறுத்துங்கள். அதற்கும் கீழே விட்டால் வேறு பாசி புகுந்துவிடும். அண்டித் தோடு (முந்திரிக்கொட்டை ஓடு) எரிக்கும் நாளில் புகையைத் திறக்கவே வேண்டாம். அந்தத் தோட்டின் எண்ணெயில் உள்ள பீனால்கள் பாசிக்கு விஷம்.

ஒரு கிலோ பாசிக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் யூரியா வேண்டும், தினமும் பிரித்துப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அந்தக் காரநீரில் அம்மோனியாவாகி ஒரே நாளில் எல்லாம் செத்துப்போகும். நம் ஊரில் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, 10 செ.மீ. மழை பெய்தால் பாதித் தொட்டியளவு தண்ணீர் கூடி வழியும், சோடாவும் கூடப் போகும். அதனால் மேலே பாலித்தீன் கூரை கட்டாயம்.

வெள்ளைத் தட்டைத் தண்ணீரில் இறக்கினால் 3 செ.மீ.க்குள் மறைகிறதா? காலையில் அறுவடை செய்யலாம், பாதியை விட்டுவைத்து. விறகுப் புகையில் வளர்ந்ததை மனிதர் உண்ணக் கொடுக்காதீர்கள். வாழைக்கு உரமாகப் போடலாம், ஆனால் மண்ணில் மக்கி கார்பனில் பெரும்பங்கு திரும்பக் காற்றுக்கே போகும்.

கார்பன்தான் கவலை என்றால், விறகைக் கூரைக்குள் அடுக்கி நன்றாகக் காயவிடுங்கள். தினமும் 5 கிலோ விறகு மிச்சமானாலே இந்தத் தொட்டியை மிஞ்சிவிடும்.

தொட்டி கட்டும் முன் இரண்டு 20 லிட்டர் வெள்ளை வாளியில் ஒரே பாசியை விடுங்கள். ஒன்றுக்குக் கழுவிய புகை, மற்றதற்குச் சமையல் சோடா மட்டும். பத்து நாளில் புகை வாளி மட்டும் மஞ்சளித்தால் தார் கழியவில்லை; தெளிப்பு டிரம்மை முதலில் சரிசெய்யுங்கள்.