ஓட்டு நோம்பி முடிஞ்ச மறுநாள்

கேள்வி: பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லருங்க, பீஸ் ரேட்டு, தெச்ச உருப்படிக்குத்தான் கூலி. ஓட்டு அன்னைக்கு லீவு விட்டாங்க, சம்பளம் கேட்டா "பீஸ் ரேட்டுக்கு ஏது லீவு சம்பளம்"னு சூப்பர்வைசர் சிரிக்கிறாரு. அவ்வளவுதானுங்களா எங்க ஜனநாயகம்?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அவருக்கு சட்டம் தெரியாம இருக்கும் அம்மிணி, இல்லீன்னா நல்லா தெரிஞ்சுதான் சிரிச்சிருப்பாரு. மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 135பி-ன்னு ஒரு பிரிவு இருக்குதுங்க. வேலைக்கு வந்தாத்தான் கூலிங்கற ஆளா இருந்தாலும், அன்னைக்கு வேலை நடந்திருந்தா என்ன வந்திருக்குமோ அத குடுத்தாகோணும். குடுக்காட்டி முதலாளிக்கு அபராதம் எவ்வளவுங்கறீங்க, அதிகபட்சமே 500 ரூபாதான். ஒன்றரை ஷிப்ட்டு ஓட்டுனா நீங்களே அதுக்கு மேல சம்பாதிப்பீங்க, பொறவு அவங்க சிரிக்காம என்ன பண்ணுவாங்க. தனியா போயி கேக்காதீங்க, லைன்ல இருக்கற பத்து பேரு சேந்து கையெழுத்து போட்டு குடுங்க.

கேள்வி: எங்களாட்டம் ஆளுக எலெக்ஷன்ல நின்னா என்னங்க ஆகும்?
- ஒரு விவசாயி, ஈரோடு

பதில்: 1996ல மொடக்குறிச்சில நின்னு பாத்தாங்களேங்க. கோரிக்கைய யாரும் கண்டுக்கலைன்னு விவசாயிக கூட்டங்கூட்டமா மனு போட்டதுல வேட்பாளரு மட்டும் 1,033 பேரு. தேர்தலையே தள்ளி வெச்சாங்க, ஓட்டு சீட்டு புஸ்தகமாட்டம் இருந்துச்சு. அப்ப சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபா, அதே வருஷம் 5,000 ஆக்குனாங்க, இப்ப 10,000. வெளையாட்டுக்கு நிக்கறவங்கள தடுக்கத்தான்னு சொன்னாங்க, ஆனா அதுல மொதல்ல தடுக்கப்பட்டது காசில்லாதவன்தானுங்களே.

கேள்வி: கிராம சபைக்கு போனா ஒரு நாள் கூலி போவுது, போயி என்னங்க ஆகப்போவுது?
- தறி ஓட்டுறவர், பல்லடம் பக்கம்

பதில்: கணக்கு பாத்துருவோமுங்க. வருஷத்துக்கு ஆறு கூட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் சட்டப்படி சம்பளத்தோட லீவு. மார்ச் 22, நவம்பர் 1, இந்த ரெண்டுதான் ஒதைக்குது. அந்த நாலு நாளும் உங்க தறி ஷெட்டு நிக்குதாங்கறது வேற விஷயம், அத உங்க ஓனர்கிட்டத்தான் கேக்கோணும்.

எங்கூர்ல நடந்தத சொல்றனுங்க. உப்புத்தண்ணி தெனமும் வரும், ஆத்துத்தண்ணி பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா. போன கூட்டத்துல மொத வேலையா தீர்மான நோட்ட நீட்டி "கையெழுத்த போட்டுட்டு உக்காருங்க"ன்னாங்க, பாதிப்பேரு போட்டுட்டு டீயும் குடிச்சாச்சு. அப்ப நூறு நாள் வேலைக்கு போற ஒரு அக்கா, இடுப்புல புள்ளையோட எந்திரிச்சு, "எனக்கு படிக்க தெரியாதுங்க, என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சு காட்டுங்க, பொறவு கைநாட்டு வெக்கறேன்"னாங்க. ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. படிச்சாங்க. தண்ணி பேச்சே அதுல இல்ல. அங்கயே பேனா வாங்கி, எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு நாளெண்ணி எழுத வெச்சு, அப்பறம்தான் அந்தக்கா மையில வெரல வெச்சாங்க. எனக்கு வெக்கமா போச்சுங்க, நானு படிச்சவன், படிக்காம மொத வரிசைல கையெழுத்து போட்டவன்.

இப்ப எட்டு நாளைக்கு ஒருக்கா வருதுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்தக்கா தேதி குறிச்ச காலண்டரோட வர்றேன்னு சொல்லியிருக்காங்க.